ஏழு இடத்திலும் நிற்கத் தெரிந்தவர்: கபடித் தடுப்பாட்டத்தின் அறிவியல்

கபடியில் ஒருமுறை பாடிச் செல்ல 30 விநாடி நேரம் உண்டு. அந்த நேரத்திற்குள் எதிரணியிலிருந்து ஒரே ஒருவர் "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு நம் எல்லைக்குள் வருகிறார். அவரைப் பிடிக்க நம் பக்கம் ஏழு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஏழு பேர் என்றால் பிடிப்பது எளிதாக இருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியும். பாடி வந்தவர் ஒருவரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்த இன்னும் இருவரையும் இழுத்துக்கொண்டு, நடுக்கோட்டைத் தொட்டு மூன்று புள்ளிகளோடு திரும்பிவிடுவார்.

ஏழு பேர் ஏன் ஒருவரிடம் தோற்கிறார்கள்? சில அணிகள் மட்டும் எப்படி அவரை மடக்கிவிடுகின்றன? விடை பெரும்பாலும் உடல் வலிமையில் இல்லை. பயிற்சி தரப்படும் முறையில் இருக்கிறது. நம் தோட்டத்து லயங்களில் சடுகுடு என்ற பெயரில் ஆடப்பட்ட இந்த ஆட்டத்திற்குள் நரம்பியல், இயற்பியல், கற்றல் உளவியல் மூன்றும் இருக்கின்றன.

ஒரே இடத்தில் நிறுத்தப்படும் மாணவர்

முதலில் தடுப்பாட்டக்காரர்கள் நிற்கும் இடங்களைப் பார்ப்போம். இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் கார்னர். அவர்களுக்கு அடுத்து நிற்பவர்கள் இன். அதற்கு அடுத்தவர்கள் கவர். நடுவில் ஒருவர். ஆக மொத்தம் ஏழு பேர்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. கார்னர் பெரும்பாலும் கணுக்கால் பிடி, தொடைப் பிடி ஆகியவற்றை நம்பி நிற்பார். கவர், பாடுபவர் திரும்பும் வழியை மறிப்பார் அல்லது பக்கவாட்டில் மோதி எல்லைக்கு வெளியே தள்ளுவார். மற்றவர்கள் கைகோத்துச் சங்கிலியாக உதவுவார்கள்.

பள்ளி அணிகளில் பொதுவாக என்ன நடக்கிறது? "நீ குட்டையாக இருக்கிறாய், கார்னரில் நில்", "நீ பருமனாக இருக்கிறாய், கவரில் நில்" என்று படிவம் 1-இலேயே முடிவாகிவிடுகிறது. அந்த மாணவர் பள்ளியை விட்டுப் போகும்வரை அதே இடத்தில் நிற்கிறார்.

இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. கோலா சுங்கை பாரு, மஸ்ஜிட் தானா, அலோர் காஜா போன்ற சிற்றூர்ப் பள்ளிகளில் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஓர் அணி அமைப்பதே பெரிய காரியம். ஒரு கார்னருக்குக் கால் சுளுக்கினால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் இருக்காது. கபடியின் விதியும் இதே நெருக்கடியைத் தருகிறது. ஒருவர் ஆட்டமிழந்தால் அவர் இடம் காலியாகும். ஐந்து பேர், நான்கு பேர், சில சமயம் இரண்டே பேர் மீதமிருப்பார்கள். அப்போது கார்னர் என்றும் கவர் என்றும் பிரித்துக்கொண்டு நிற்க முடியாது. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்துவிட்டால் 'சூப்பர் டேக்கிள்' என்று கூடுதல் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியை எடுப்பவர்கள் பல இடங்களிலும் ஆடத் தெரிந்தவர்களே.

இரண்டாவது சிக்கல் நம் உடலில் இருக்கிறது. வளரிளம் பருவத்தில் உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. படிவம் 1-இல் வகுப்பிலேயே குட்டையாக இருந்தவர் படிவம் 4-இல் நெடுநெடுவென்று நிற்கலாம். 13 வயது உடலைப் பார்த்து ஒருவருடைய ஆட்டத்தை முடிவு செய்துவிட்டால், 17 வயதில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாய்ப்பு போய்விடும்.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லாப் பிடிகளையும் சொல்லிக் கொடுத்துவிடலாமா? அங்கேதான் மூளை ஒரு தடை போடுகிறது.

0.2 விநாடித் தடை

கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதை உணர்ந்து, தசைக்குக் கட்டளை போய், உடல் அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். இதை எதிர்வினை நேரம் என்கிறோம். பாடுபவரின் கால் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2 விநாடியில் அது 1 மீட்டர் நகர்ந்துவிடும். நீங்கள் காலைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டத் தொடங்கும்போது அந்தக் கால் அங்கே இருக்காது.

இதுவும் ஒரே ஒரு செயலைச் செய்யக் காத்திருக்கும்போது ஆகும் நேரம்தான். தேர்வுகள் கூடினால் நேரமும் கூடும். 1952-இல் வில்லியம் எட்மண்ட் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இதை அளந்தார். பல சிறு விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய சாவியை அழுத்த வேண்டும். விளக்குகள் கூடக் கூட விரல் தாமதித்தது. தேர்வுகள் ஒன்றிலிருந்து இரண்டாகும்போது ஏறக்குறைய எவ்வளவு நேரம் கூடுகிறதோ, அவ்வளவே இரண்டிலிருந்து நான்காகும்போதும், நான்கிலிருந்து எட்டாகும்போதும் கூடுகிறது. இதற்கு ஹிக் விதி என்று பெயர்.

இதைக் கபடித் திடலில் பொருத்திப் பாருங்கள். கணுக்கால் பிடி மட்டும் தெரிந்த மாணவர் யோசிக்க எதுவும் இல்லை; பாய்ந்துவிடுவார். நான்கு பிடிகள் தெரிந்தவர் எதைப் பிடிப்பது என்று ஒரு கணம் தயங்குவார். அந்தக் கணத்தில் பாடுபவர் போய்விடுவார். பல பிடிகளைக் கற்ற புதியவர் சில வாரங்களுக்கு முன்பைவிட மோசமாக ஆடுவதற்கு இதுவே காரணம். "உனக்கு ஒன்றே போதும்" என்று பயிற்றுநர்கள் சொல்லிவிடுவதும் இதனால்தான்.

நல்ல பயிற்றுநர் இங்கே நின்றுவிடுவதில்லை. தேர்வுகளைக் குறைக்காமல் தயக்கத்தை மட்டும் குறைக்க ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியும்.

உடலைப் படிக்கும் பயிற்சி

அந்த வழி, அசைவு தொடங்கும் முன்பே அது எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது. நான்கு வாய்ப்புகளில் இரண்டு நடக்காது என்று முன்கூட்டியே தெரிந்தால், மூளை மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்.

நமக்கு நன்கு பழக்கமான பூப்பந்தில் இது சோதிக்கப்பட்டது. 1987-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னெதியும் அவருடைய சக ஆய்வாளரும் பூப்பந்து ஆட்டப் படங்களைப் பந்து அடிக்கப்படுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, "பந்து எங்கே போகும்?" என்று கேட்டார்கள். புதிய ஆட்டக்காரர்கள் மட்டையின் அசைவை மட்டுமே நம்பினார்கள். தேர்ந்தவர்கள் அதற்கும் முன்னதாக, அடிப்பவரின் கை அசைவிலேயே தகவலைப் பிடித்தார்கள். அவர்களுக்குக் கண் கூர்மை அதிகம் என்பதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

கபடியிலும் இப்படி அடையாளங்கள் உண்டு. பாடுபவர் காலை வீச வேண்டுமானால் உடல் எடை முழுவதையும் மற்றக் காலுக்கு மாற்றியாக வேண்டும். திரும்பி ஓட வேண்டுமானால் இடுப்பைத் திருப்பியாக வேண்டும். கையாலும் தலையாலும் ஏமாற்றலாம். ஆனால் உடலின் ஈர்ப்பு மையம் இடுப்பை ஒட்டி இருப்பதால் இடுப்பை வைத்து ஏமாற்றுவது கடினம். அதனால்தான் "முகத்தைப் பார்க்காதே, இடுப்பைப் பார்" என்று அனுபவமுள்ள பயிற்றுநர்கள் சொல்வார்கள்.

இதன் பலனை வயது முதிர்ந்த ஆட்டக்காரர்களிடம் தெளிவாகக் காணலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் 1975-இல் பிறந்தவர். 2016-இல், 41 வயதில், புரோ கபடி லீக்கின் நான்காம் பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கிண்ணத்தை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை 38–29 என்று வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்ற இந்திய அணியிலும் இருந்தார். அவரால் தம்மில் பாதி வயதுடையவர்களோடு ஓடிப் போட்டியிட முடியாது. அவர்கள் எங்கே ஓடப்போகிறார்கள் என்பதை முன்னதாகவே படித்துவிட அவருக்குத் தெரியும்.

பிடிகள் பல, விதிகள் சில

மனப்பாடச் சுமையைக் குறைக்கும் இன்னொரு வழி, பிடிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவற்றின் அடியில் உள்ள விதிகளைப் புரிந்துகொள்வது. படிவம் 4 இயற்பியலில் வரும் மொமெண்டம், நிலைமம் ஆகிய இரண்டும் இங்கே உதவும்.

கணுக்கால் பிடியை எடுத்துக்கொள்வோம். பாடுபவர் முன்னோக்கி ஓடும்போது கால் மட்டும் நிறுத்தப்படுகிறது. நிலைமத்தால் உடல் தொடர்ந்து நகர்கிறது. ஈர்ப்பு மையம் பாதங்களைத் தாண்டிப் போனதும் அவர் விழுகிறார். ஆனால் அவர் நடுக்கோட்டை நோக்கியே விழுவார். விழும்போது கையை நீட்டினால் கோட்டைத் தொட்டுவிடலாம். எனவே கணுக்காலைப் பிடித்தவர் தனியாக வெல்வது கடினம். அடுத்தவர் உடனே வந்து சேர வேண்டும்.

தொடைப் பிடியில் வேறு விதி வேலை செய்கிறது. பாடுபவரைச் சற்றே மேலே தூக்கினால் அவர் பாதம் தரையை அழுத்தும் விசை குறையும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். உராய்வு இல்லாமல் தரையை உதைத்து முன்னேற முடியாது.

கவர் செய்யும் பக்கவாட்டு மோதலில் ஓர் எளிய கணக்கு உண்டு. 55 கிலோகிராம் எடையுள்ள பாடுபவர் நடுக்கோட்டை நோக்கி நேராக ஓடுகிறார். அவருக்குப் பக்கவாட்டில் மொமெண்டம் எதுவும் இல்லை, சுழியம். 50 கிலோகிராம் எடையுள்ள தடுப்பாட்டக்காரர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கத்திலிருந்து மோதுகிறார். 50-ஐ 4-ஆல் பெருக்கினால் 200. இருவரும் சேர்ந்து நகரும்போது மொத்த எடை 105 கிலோகிராம். 200-ஐ 105-ஆல் வகுத்தால், இருவரும் விநாடிக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவார்கள். அரை விநாடியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். எல்லைக்கோடு அருகில் இருந்தால் அது போதும். தம்மைவிட எடை கூடியவரையும் வெளியேற்ற முடிவது இதனால்தான். அதே ஆளை நேருக்கு நேர் மோதினால் அவருடைய முழு வேகத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

ஈர்ப்பு மையத்தைப் பாதத்தைத் தாண்டச் செய், தரைப்பிடிப்பைக் குறை, அவருக்கு வேகம் இல்லாத திசையில் தள்ளு. இந்த மூன்றையும் புரிந்துகொண்டவருக்குக் கார்னரும் கவரும் வெவ்வேறு பாடங்களாகத் தெரியாது.

கலந்து பழகுதல்

புரிந்துகொண்டதை உடலில் பதியவைப்பது எப்படி? ஒரு மணி நேரப் பயிற்சியில் முதல் 20 நிமிடம் கணுக்கால் பிடி, அடுத்த 20 நிமிடம் தொடைப் பிடி, கடைசி 20 நிமிடம் மோதல் என்று பிரிப்பது வழக்கம். ஒழுங்காகத் தெரியும். மாணவர்களும் ஒவ்வொரு 20 நிமிடத்தின் முடிவிலும் நன்றாகச் செய்வார்கள்.

1979-இல் ஷேய், மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். பங்கேற்றவர்கள் கையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு சில தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தள்ள வேண்டும். மூன்று வரிசைகள் இருந்தன. ஒரு குழு ஒவ்வொரு வரிசையையும் முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாக இருந்தது. பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள்.

1994-இல் கலிபோர்னியாவில் ஒரு கல்லூரிப் பேஸ்பால் அணியில் இதே சோதனை செய்யப்பட்டது. மூன்று வகைப் பந்துவீச்சுகளை எதிர்கொள்ள ஆறு வாரக் கூடுதல் பயிற்சி. வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்களைவிட, அடுத்து என்ன பந்து வரும் என்று தெரியாமல் கலந்து பழகியவர்கள் இரு மடங்குக்கும் மேல் முன்னேறினார்கள்.

காரணம் எளிது. ஒரே பிடியைத் தொடர்ந்து 20 முறை செய்யும்போது, இரண்டாம் முறையிலிருந்து மூளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. முந்தையதைத் திரும்பச் செய்கிறது. கலந்து செய்யும்போது ஒவ்வொரு முறையும் சூழ்நிலையைப் படித்து, பிடியைத் தேர்ந்து, நினைவிலிருந்து எடுக்க வேண்டும். ஆட்டத்தில் தேவைப்படுவது இதுதான்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். கலந்து பழகும்போது தவறுகள் அதிகம் வரும். "எனக்கு வரவே வரவில்லை" என்று தோன்றும். பலர் இந்தக் கட்டத்தில்தான் அணியை விட்டு விலகுகிறார்கள். பயிற்சியில் தடுமாறுவது, கற்றல் நடந்துகொண்டிருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம் என்று பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. புத்தம் புதிதாக ஒரு பிடியைக் கற்கும்போது மட்டும் அதைத் தனியாகச் சிலமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை. அடிப்படை பிடிபட்டதும் கலக்கத் தொடங்கலாம்.

வேறிடத்திலிருந்து வந்த திறன்

அமெரிக்கக் காற்பந்தில் தாக்குபவர்களும் தடுப்பவர்களும் தனித்தனி ஆட்கள். ஒருவர் இரண்டையும் செய்வது மிக அரிது. 2004-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் பயிற்றுநர் பில் பெலிச்சிக், பந்தைப் பிடித்து ஓடும் தாக்குதல் ஆட்டக்காரரான டிராய் பிரவுனுக்குத் தடுப்பாட்டமும் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் தடுப்பாட்டக்காரர்கள் பலர் காயமடைந்தபோது பிரவுன் அவர்கள் இடத்தில் இறங்கி, எதிரணி வீசிய பந்துகளில் மூன்றைத் தட்டிப் பறித்தார். அந்தப் பருவத்தின் கிண்ணமும் அந்த அணிக்கே கிடைத்தது. பல ஆண்டுகள் தாக்குதல் ஆடியவர் என்பதால், தாக்குபவர் எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருந்தது.

கபடியில் எல்லாரும் பாடலாம், எல்லாரும் பிடிக்கலாம். எனவே நல்ல தடுப்பாட்டக்காரரை உருவாக்க ஒரு வழி, அவரை அடிக்கடி பாட அனுப்புவது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி இன்னொரு சான்று. 1990-இல் கபடி ஆசியப் போட்டியில் சேர்ந்ததிலிருந்து ஆண்கள் பிரிவில் தங்கம் இந்தியாவிடமே இருந்தது. 2018 அரையிறுதியில் ஈரான் 27–18 என்று இந்தியாவை வென்று, பிறகு தங்கத்தையும் பெற்றது. ஈரான் ஆட்டக்காரர்கள் பலர் மல்யுத்தப் பின்னணி உடையவர்கள். அந்த அணியின் புகழ்பெற்ற இடது கார்னர் பஸெல் அத்ராச்சலியும் முன்பு மல்யுத்தம் பழகியவர்தான். தாழ்ந்து நிற்பது, சமநிலை காப்பது, எதிராளியின் எடையை உணர்வது ஆகியவை அங்கிருந்து கபடிக்கு வந்தன. உளவியலில் இதைக் கற்றல் மாற்றம் என்பார்கள்.

அதே போட்டியில் ஈரான் பெண்கள் அணியும் இறுதியாட்டத்தில் 27–24 என்று இந்தியாவை வென்றது. அந்த அணிக்குப் பயிற்சி தந்தவர் இந்தியாவின் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். ஆட்ட நுணுக்கத்தோடு யோகாவையும் மூச்சுப் பயிற்சியையும் அவர் சேர்த்துக் கொடுத்தார். ஓர் ஆட்டம் பிறந்த நாட்டையே, அங்கிருந்து வந்த ஒரு பயிற்றுநரின் மாணவிகள் வென்றார்கள்.

முதலில் விழக் கற்றுக்கொள்

பல இடங்களில் ஆடப் பழகும்போது புதிய அசைவுகள் வரும்; காயம் படும் வாய்ப்பும் வரும். எனவே பயிற்சியின் முதல் பாடம் பிடிப்பதாக இருக்கக்கூடாது. பாதுகாப்பாக விழுவதாக இருக்க வேண்டும். மோதும்போது தலையை முன்னே கொடுக்கக்கூடாது, தோள்தான் படவேண்டும். பிடித்த கணுக்காலை ஒருபோதும் முறுக்கக்கூடாது. தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வாந்தியோ ஏற்பட்டால் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்த பிறகே மறுபடி திடலுக்கு வரவேண்டும். கலந்து பழகுவதையும் முதலில் நடைவேகத்தில் தொடங்கி, பிறகு மெல்ல வேகத்தைக் கூட்ட வேண்டும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: 30 சென்டிமீட்டர் அளவுகோல் இரண்டு, ஒரு நண்பர்.

1. நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் 0 குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். பிடித்த இடத்தின் அளவைக் குறியுங்கள். 10 செ.மீ. என்றால் 0.14 விநாடி, 15 செ.மீ. என்றால் 0.17 விநாடி, 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி, 25 செ.மீ. என்றால் 0.23 விநாடி. பத்து முறை செய்து சராசரி காணுங்கள்.

2. இப்போது நண்பர் இரு கைகளிலும் அளவுகோல்களைப் பிடிக்கட்டும். நீங்களும் இரு கைகளையும் தயாராக வையுங்கள். அவர் ஏதாவது ஒன்றை மட்டும் விடுவார். அந்தப் பக்கத்துக் கை மட்டுமே மூட வேண்டும். பத்து முறை செய்யுங்கள். சராசரி கூடியிருக்கிறதா? சில முறை அளவுகோல் தரையிலேயே விழுந்துவிடும். இதுதான் ஹிக் விதி.

3. மூன்றாம் முறை, எந்தப் பக்கத்தை விடப் போகிறாரோ அந்தப் பக்கத் தோளை நண்பர் முதலில் மிக இலேசாக அசைக்கட்டும். உங்கள் கண் அந்தத் தோளில் இருக்கட்டும். சராசரி மீண்டும் குறைகிறதா என்று பாருங்கள்.

மூன்று எண்களையும் எழுதி உங்கள் பயிற்றுநரிடம் காட்டுங்கள். அடுத்த பயிற்சியில் உங்களுக்கு வழக்கமில்லாத ஓர் இடத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். முதல் சில நாள் பாடுபவர் உங்களை எளிதாகத் தாண்டிப் போவார். அவருடைய இடுப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.